பூங்காவும் பாதையும்

நகரத்தில் வாழ்வார்க்குப் பூங்கா ஒரு பெரும்பேறு. வெயிலும் புழுதியும் இரைச்சலும் நிறைந்த வீதிகளை விட்டு ஒரு நாழிகை மரநிழலில் நடப்பது உடலுக்கு மருந்தும் உள்ளத்துக்கு விருந்தும் ஆகும் என்பதை யாவரும் அறிவர். அதனை விரித்துரைக்க யாம் இக்கட்டுரையை எழுதவில்லை. மலரின் எழிலைப் புகழ்வோர் பலர். அம்மலர் இருக்கும் இடத்துக்குச் செல்லும் வழியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்த வழியைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம்மை இப்பொருளில் எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. கள்ளக்குறிச்சியில் எம் இல்லத்தில் எம் தந்தையாரின் தமக்கையாராகிய அத்தை வாழ்கின்றார். மூன்றாம் வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்கள் இரண்டையும் பற்றியது. பின்னர் அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலியே அவருடைய கால். எமக்கு எழுத்தறிவித்தவர் அவரே. விளக்கு வைத்த பின் மணிமேகலையைக் கதையாகச் சொல்லி, யாம் இன்று தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வதற்கு வித்திட்டவரும் அவரே. தலைநகரில் பழமை வாய்ந்த பூங்கா ஒன்றில் முதிர்ந்த நாகலிங்க மரம் பூத்துக் குலுங்குவதாக அவர் நாளிதழில் படித்திருந்தார். அதனைக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அவா. இரண்டு கோடைகளுக்கு முன் யாம் அவரை அங்கு அழைத்துச் சென்றோம்.

பூங்காவின் வாயிலில் இரும்பாலாகிய சுழல்தடை ஒன்று இருந்தது. மோட்டார் வண்டிகள் உள்ளே புகாதவாறு தடுப்பதற்காக அமைத்தது அது. தன் தொழிலை அது செவ்வனே செய்தது. எம் அத்தையையும் தடுத்தது. சிறிது தொலைவில் மற்றொரு வாயில் இருந்தது. எருவும் செம்மண்ணும் ஏற்றிய தள்ளுவண்டிகள் அதன் வழியே சென்றுகொண்டிருந்தன. அதன் வழியே செல்லலாமா என்று காவலாளியைக் கேட்டோம். அவர் இரக்கமற்றவர் அல்லர். "அம்மா, அது வேலைவண்டிக்கு மட்டும் உள்ள வழி. அலுவலகத்தாரைக் கேட்டுத்தான் உங்களை விட முடியும், இன்று ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை," என்று வருத்தத்தோடு சொல்லி, அத்தையின் நாற்காலியை ஒரு புங்கமரத்தின் நிழலுக்குத் தாமே தள்ளிச் சென்றார். மண் ஏறிய வண்டிக்கு வழி இருந்தது. மனிதர் ஏறிய வண்டிக்கு வழி இல்லை.

"நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல், தம்பி," என்றார் அத்தை. யாம் சென்றோம், கண்டோம், திரும்பி வந்து, கற்ற தமிழையெல்லாம் கூட்டி, உவமைமேல் உவமை அடுக்கி, அம்மரத்தையும் அதன் மலரையும் விரித்துரைத்தோம். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். "நன்றாகச் சொன்னாய். ஆனால் அதன் மணத்தைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லையே," என்றார். அச்சொல்லை இன்றளவும் எம்மால் மறக்க இயலவில்லை. அப்பூங்காவின் பெயரை ஈண்டுக் குறிப்பது எம் நோக்கமன்று. அத்தகைய வாயில்கள் ஓரிடத்தில் மட்டும் உள்ளன அல்ல.

நிற்க. பூங்காவுக்குள் யார் புகலாம் என்னும் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. அத்தை கதையாகச் சொன்ன அந்த மணிமேகலையிலேயே அது வருகின்றது. புதுமலர் கொய்துவர மணிமேகலை புறப்படுகின்றாள். புகார் நகரத்துச் சோலைகள் ஒவ்வொன்றையும் சுதமதி அவளுக்கு எடுத்துரைக்கின்றாள். இலவந்திகைச் சோலை அரசனைச் சார்ந்தோர் உலவுமிடம், உய்யானம் தேவர்க்குரியது, ஏனைய இரண்டு வனங்களும் தெய்வக் காவல் உடையன. ஆகவே அங்கெல்லாம் செல்லாது உவவனத்துக்கே செல்லலாம் என்று முடிவு செய்கின்றனர். ஒரே நகரத்தில் ஐந்து சோலைகள் இருந்தும் ஒரு பெண் அச்சமின்றிப் புகத்தக்கது ஒன்றே. சோலைகளின் அழகை அக்காதையில் படித்து மகிழ்கின்ற நாம், எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதை எண்ணுவதில்லை.

அதே காப்பியத்தில் ஆபுத்திரன் என்பான் ஒருவன் வருகின்றான். ஊரார் தன்னைத் துரத்த, அவன் தென்மதுரையை அடைந்து, அங்கே ஓர் அம்பலத்தில் தங்குகின்றான். நாள்தோறும் இரந்து பெற்ற உணவைக் கண்ணொளி இழந்தோர்க்கும் செவிப்புலன் அற்றோர்க்கும் நடக்க மாட்டாதார்க்கும் முன்னர் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்கின்றான். உணவில் அவர்களை முன்வைத்துப் போற்றியது தமிழ் அறம். ஆனால் உணவு மட்டுமா மனிதனின் தேவை? நிழலும் காற்றும் மலரும் மாலைப் பொழுதும் அவனுக்கு வேண்டா என்று யார் சொன்னார்? ஆபுத்திரனின் அறத்தை அம்பலத்திலிருந்து பூங்காவுக்கு நீட்டுவதே இக்காலத்தின் கடமை என்று யாம் கருதுகின்றோம்.

இனி, சென்னையின் பூங்காக்களுள் ஒன்றன் வரலாற்றைச் சிறிது காண்போம். 1859ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் திரெவெல்யான் என்பார் நகர மக்களுக்கென ஒரு பெரும் பூங்காவை வகுத்தார். அதற்கு 'மக்கள் பூங்கா' என்றே பெயர் அமைந்தது. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு; குளங்கள்; உலவும் பாதைகள்; இசைமேடை. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் 1855இல் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குச்சாலையும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தது. அதன் நிலத்தில் 1900இல் மூர் சந்தையும், 1913இல் ரிப்பன் மாளிகையும், பிற்காலத்தில் விளையாட்டரங்கமும் எழுந்தன. விலங்குச்சாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. இன்று அப்பெரும் பூங்காவில் எஞ்சியிருப்பது சிறு பகுதியே.

எனினும் அதன் பெயர் எண்ணத்தக்கது. கோட்டைக்குள் இருந்தோர்க்கும் தோட்டமாளிகைகளில் இருந்தோர்க்கும் தத்தமக்கு மரங்களும் மலர்களும் இருந்த காலத்தில், வீதியில் நடப்பவனுக்கும் ஒரு சோலை வேண்டும் என்று ஒருவர் நினைத்தார். 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் அன்றுவரை வெளியே நின்ற பலர் புகுந்தனர். ஆயினும் அச்சொல்லின் எல்லை அன்றோடு முடிந்துவிடவில்லை. வாயிலில் புங்கமர நிழலில் காத்திருப்பவரும் மக்களுள் ஒருவரே என்று கொள்ளும்போதுதான் அப்பெயர் முழுப்பொருள் பெறும்.

இதனைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. உலக நாடுகள் 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அதன் வழியே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் இடங்கள் எவை என்று அச்சட்டம் வகுக்குமிடத்தில் பள்ளி, மருத்துவமனை, தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றோடு ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய இடங்களையும் சேர்த்தே கூறுகின்றது. இராஜீவ் ரதூரி என்னும் பார்வையற்ற அன்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இலும், மீண்டும் 2024இலும் தீர்ப்பளித்தது. எல்லாரும் அணுகத்தக்கவாறு பொதுவிடங்களை அமைப்பது விரும்பினாற் செய்யும் உபகாரமன்று, கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய விதி என்பதே பிந்திய தீர்ப்பின் சாரம். ஆகவே யாம் வேண்டுவது கருணையன்று; ஏட்டில் எழுதியதை நிலத்திலும் எழுதுக என்பதே.

நிலத்தில் எழுதிக் காட்டியதற்கு ஒரு நல்ல சான்றும் உண்டு. சென்னை மெரினா கடற்கரையை உலாவிடமாக ஆக்கியவர் 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டப். அக்காலந்தொட்டு நகரத்தார் மாலைதோறும் அங்கே கூடினர். ஆனால் சாலைக்கும் அலைக்கும் இடையே கிடக்கும் அகன்ற மணற்பரப்பில் சக்கர நாற்காலி புதைந்துவிடும். ஆதலின் சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, அலை காலைத் தொட அறியாதார் பலர் இருந்தனர். அவர்களுடைய சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டதன் பேரில், முதலில் ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை அமைத்தார்கள். பின்னர் 2022 நவம்பர் 27ஆம் நாள், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள நிலையான மரப்பாதை ஒன்றைத் திறந்தனர். இரு வாரங்கள் கழியுமுன் மாண்டஸ் புயல் வந்து கடலோரப் பகுதியைப் பெயர்த்தது. பணம் கடலில் போயிற்று என்று நகைத்தவர் உண்டு. பாதையைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தனர். புயலில் சாலையும் மின்கம்பமும் சாய்ந்தால் அவற்றை மறுபடி அமைப்பது வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லை. இப்பாதைக்கு மட்டும் அந்த நீதி ஏன் மாற வேண்டும்?

சென்ற மார்கழி விடுமுறையில் எம் அத்தை அப்பாதை வழியே சென்றார். யாம் நாற்காலியைத் தள்ள முற்பட்டபோது, "வேண்டாம், நானே போகிறேன்," என்றார். சக்கரத்தைத் தம் கைகளால் உருட்டிக்கொண்டு இறுதிவரை போய், நெடுநேரம் பேசாமல் கடலைப் பார்த்திருந்தார். இம்முறை வந்து சொல்வதற்கு எமக்கு வேலை இல்லை. உப்புக் காற்று எப்படி இருந்தது என்று கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபின் எல்லார்க்கும் அவரே சொன்னார்.

பாதை என்று யாம் சொல்வது யாதென்பதைத் தெளிவாக்கல் நலம். வாயிலின் இடைவெளி 900 மில்லிமீட்டர், அஃதாவது ஏறத்தாழ மூன்று அடி, இருத்தல் வேண்டும். படி உள்ள இடத்தில் சாய்தளம் வேண்டும்; ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்திற் குறையாமல் அது சாய வேண்டும். பெயருக்கு ஒரு சாய்தளம் செங்குத்தாக அமைத்தால், அது ஏறுவோரைப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். தரை சமமாகவும் மழையில் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். சரளைக்கல் பரப்பிய அழகிய பாதை சக்கரத்துக்குச் சேறே ஆகும். பார்வையற்றோர் கோலால் உணர்ந்து செல்லத் தரையில் புடைப்புள்ள கற்களும், விரலால் தடவிப் படிக்கப் பிரெய்ல் எழுத்துப் பலகையும் வேண்டும். முதியோர் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், இடையிடையே சாய்ந்தமரும் இருக்கையும் வேண்டும். நாற்காலியோடு புகத்தக்க கழிப்பிடம் ஒன்று இல்லையேல் ஏனைய அனைத்தும் இருந்தும் பயனில்லை. அரைமணிக்கு மேல் அங்கே ஒருவரும் தங்க மாட்டார்.

இதற்கு மறுப்புரைப்போர் சிலர். "இத்தகையோர் பூங்காவுக்கு எத்தனை பேர் வருகின்றனர்? அச்சிலருக்காக இவ்வளவு செலவா?" என்பர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேர் உடற்குறையோ மனக்குறையோ உடையவர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்கள் பூங்காவில் தென்படாமைக்குக் காரணம் இவர்கள் இல்லாமையன்று, பாதை இல்லாமையே. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று, அக்கரைக்குச் செல்வார் எவருமில்லை, ஆதலின் பாலம் வேண்டா என்பது என்ன வாதம்? அன்றியும் சமபாதை இவர்க்கு மட்டும் உரியதன்று. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும், மூட்டு நோவுடைய தாத்தாவும், கால் முறிந்து கட்டுப் போட்ட மாணவனும் அதனை வாழ்த்துவர். நெடுநாள் வாழும் பேறு பெற்ற ஒவ்வொருவனும் ஒருநாள் படியைக் கண்டு அஞ்சத்தான் போகின்றான்.

"பழம்பூங்காவின் தொன்மை கெடும்" என்பர் வேறு சிலர். தொன்மையைப் போற்றுவதில் யாம் எவர்க்கும் பின்னிற்பவர் அல்லேம். ஆனால் எம் அத்தையைத் தடுத்த சுழல்தடை தொன்மையானதன்று, அண்மையில் வைத்தது. அடிமரத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டும், கண்ட இடத்தில் எழுந்த விளம்பரப் பலகையும் தொன்மையைக் கெடுக்கவில்லை, ஒரு சாய்தளம்தான் கெடுக்குமோ?

மூன்றாவது மறுப்பு வலியது. அஃது எம் சொந்த நாட்டிலிருந்தே எழுகின்றது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கல்வராயன் மலை நிற்கின்றது. கோமுகியாறு அங்கேதான் பிறக்கின்றது. மலையாளி என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். அம்மலைச் சிற்றூர்கள் சிலவற்றில் நோயாளரைத் துணித்தூளி கட்டித் தோளிற் சுமந்து சாலைக்குக் கொண்டுவரும் நிலையை நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. 2024ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலைமக்களின் வாழ்க்கை வசதி குறித்து வழக்கு ஏற்று விசாரித்தது. "ஊருக்கே சாலை இல்லாத இடத்தில் பூங்காவுக்குச் சாய்தளம் கேட்கின்றாயே!" என்று எம் நண்பர் ஒருவர் எம்மைக் கடிந்துகொண்டார்.

யாம் இதற்கு உடனே விடை சொல்லவில்லை. பல நாள் எண்ணினோம். எண்ண எண்ண, இரண்டும் வேறு வேறு வேண்டுகோள் அல்ல என்றே தோன்றியது. தூளியில் சுமக்கப்படும் நோயாளரும் வாயிலில் நிற்கும் நாற்காலியும் கேட்பது ஒன்றையே. பிறர் தோளை எதிர்பாராமல் செல்ல ஒரு வழி. முன்னது உயிரைப் பற்றியது. ஆதலின் அதற்கே முதலிடம். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் பூங்காவுக்கென்று எப்படியும் செலவாகும் பணத்தை, சிலரை வெளியே நிறுத்தும் வகையில் செலவிட வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது. உலாவிடம் ஒன்றைக் கட்டும்போதே பாதையைச் செவ்வையாகக் கட்டினால் மிகையாகும் செலவு சிறிது. கட்டியதை இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இளைய மாவட்டம் ஆதலின் இங்குக் கட்ட வேண்டியவை பல. இஃது ஒரு குறையன்று, நல்வாய்ப்பு. பழைய நகரங்கள் தம் தவறுகளைத் திருத்த வேண்டும். நாம் தவறாமலே தொடங்கலாம். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையின் பக்கத்திலும், மலைமேல் கரியாலூரில் படகுத்துறையை ஒட்டியும் மக்கள் வந்து உலவுகின்றனர். அவ்விரண்டு இடங்களிலேனும் தொடக்கமும் முடிவும் இணையும் வட்டப்பாதை ஒன்று, மேற்கூறிய இலக்கணப்படி அமைதல் வேண்டும். மேகம் அருவிக்குக் காட்டில் நடந்தே செல்ல வேண்டும். அங்கே நாற்காலி செல்லுமாறு மலையை வெட்டுக என்று யாம் கேட்கவில்லை. மலை மலையாகவே இருக்கட்டும். மனிதன் கட்டும் இடத்திலேனும் மனிதனுக்குத் தடை இல்லாதிருக்கட்டும்.

இன்னும் ஒன்று. பூங்கா திறக்கும் நாளில் பெரியோர் ஒருவர் வந்து நாடாவை வெட்டுவது வழக்கம். அதற்கு முந்திய நாள், நாற்காலியில் செல்லும் ஒருவரும் கோலூன்றிச் செல்லும் பார்வையற்ற ஒருவரும் அப்பூங்காவைத் துணையின்றி ஒருமுறை சுற்றி வரட்டும். அவர்கள் நின்ற இடத்தையெல்லாம் பொறியாளர் குறித்துக்கொண்டு திருத்தட்டும். நாடாவை அதன்பின் வெட்டலாம்.

மாற்கு எழுதிய நற்செய்தியில் திமிர்வாதக்காரன் ஒருவனின் வரலாறு உண்டு. ஆண்டவர் இருந்த வீட்டின் வாயிலில் கூட்டம் நெருக்கி நின்றது. எனவே அவனைச் சுமந்து வந்த நால்வர் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவனை இறக்கினர். அந்நால்வரின் விசுவாசத்தைப் பிரசங்கங்களில் பலகாலும் கேட்டிருக்கின்றோம். வாயிலில் நின்ற கூட்டத்தைப் பற்றி யாம் கேட்டது குறைவு. அவர்கள் தீயோர் அல்லர்; நல்லுரை கேட்க வந்தவர்களே. சிறிது விலகி நின்றிருந்தால் கூரை பிரிந்திராது. நாம் அந்நால்வரைப் போன்றோரா, அக்கூட்டத்தைப் போன்றோரா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

பிறரைக் குறைகூறி முடிப்பது எளிது. ஆதலின் நம் வீட்டையும் நோக்குவோம். சென்ற ஆண்டு நம் தமிழ்மன்றத்தின் ஆண்டுவிழாவில் யாம் பேச நேர்ந்தது. எம் அத்தை வர விரும்பினார். மன்றம் கூடுவது மேன்மாடியில். செல்வதற்கு முப்பத்திரண்டு படிகள். யாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, "அத்தை, இம்முறை வேண்டாம்," என்று கடிதம் எழுதினோம். எமக்கு எழுத்தறிவித்தவர் எம் பேச்சைக் கேட்கவில்லை. ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவர்களாகிய பெரியோரையும் யாம் பணிவோடு வேண்டுவது ஒன்றே: வரும் ஆண்டுவிழா கீழ்த்தளத்தில் நிகழட்டும், அம்மண்டபத்தின் வாயிலில் உள்ள மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமையட்டும். மண்டபத்துக்கும் வெளிவாயிலுக்கும் இடையே நம் முன்னோர் நட்ட மரங்களின் நிழல் இருக்கின்றது. அதன் வழியே எம் அத்தை தம் கைகளால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருப்பாராயின், அன்று யாம் நன்றாகப் பேசுவோம்.